பெயர் மட்டும்தான் அவளுடையது

இரண்டாயிரத்து ஏழில், அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வருடம், குறுவட்டப் போட்டிக்கான படிவத்தைத் தலைமையாசிரியரின் மேஜையில் திருப்பி வைத்துவிட்டு முடியாது என்று சொன்னேன். வயது தாண்டிய ஒரு பெண்ணை வேறொரு பெண்ணின் பெயரில் கபடி ஆடவைக்கச் சொன்னார். எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதானே, நீங்கள் மட்டும் என்ன புதிதாகப் பேசுகிறீர்கள் என்றார். நான் பேசவில்லை, கத்தினேன். மேஜையிலிருந்த கோந்துப் புட்டி கீழே விழுந்து உடைந்தது. கை தட்டி விழுந்ததுதான், ஆனால் நான் வீசி எறிந்ததாகத்தான் இன்றுவரை அந்தப் பள்ளியில் கதை. மத்தியானம் கணக்கு டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உங்கள் நேர்மை யாருக்கு வரும் என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் விளையாட்டுப் பீரியடில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு அல்ஜீப்ரா நடத்துகிறவர் பாராட்டுகிறாரே என்பதற்காக மட்டும் இல்லை. நேர்மை என்ற சொல்லை என்னிடம் சொன்னால் எனக்கு யாரையாவது அடிக்கத் தோன்றும். பெரும்பாலும் என்னையே. ஏன் என்று அந்த டீச்சரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

என் ஊர் செந்துறைக்குப் பக்கத்தில். அம்மாவுக்கு முந்திரிக் காட்டில் வேலை, அப்பாவுக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு காட்டுக்குப் போக முடியாமல், நாலு வயதிலேயே என்னைப் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிடப் பார்த்தாள் அம்மா. பிறந்த தேதிக்குக் காகிதம் எதுவும் கிடையாது. தலைமையாசிரியர் வழக்கம்போல வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடு என்றார். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டதாக அர்த்தம். நான் வளர்த்தியான பிள்ளை. காதைத் தொட்டது மட்டுமில்லாமல், மடலைப் பிடித்துக் கீழே இழுத்தும் காட்டினேனாம். அவர் சிரித்துக்கொண்டே, இவளுக்கு ஆறே முடிந்திருக்கும் என்று ஒரு ஜூன் மாதத் தேதியை எழுதிவிட்டார். அம்மா கும்பிடு போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். இரண்டு நிமிடத்தில் எனக்கு இரண்டு வயது கூடிவிட்டது.

அந்தத் தேதி என்னைப் பிடித்தது தொண்ணூற்றைந்தில், நான் ப்ளஸ் டூ படிக்கும்போது. எங்கள் பள்ளியின் பி.டி. மாஸ்டர் பெண்களுக்குக் கபடி கற்றுக்கொடுத்தார். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். பிள்ளைகளை அரை டவுசர் போடச் சொல்கிறான் என்று ஊரில் அவரைத் திட்டாத ஆள் இல்லை. சுண்ணாம்புச் சில்லு கலந்த தரையில் முட்டி தேய்ந்து ரத்தம் வர ஆடினோம். எதிரணிக்குள் நான் பாடிப் போனால் யாரையாவது தொடாமல் திரும்பியதில்லை. காதை இழுத்துக் காட்டிய அதே கைதான். பதினேழு வயதுக்குட்பட்டோர் அணி மட்டும்தான் எங்கள் பள்ளியிலிருந்து போகும். அதற்கு மேற்பட்ட பிரிவுக்கு ஆள் கிடையாது. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டிலும் சேர்த்து ஆடுகிற பெண்கள் ஐந்து பேர்தான், கபடிக்கு ஏழு பேர் வேண்டும். எனக்கு உண்மையில் பதினைந்து வயது. காகிதத்தில் பதினேழு தாண்டிவிட்டது.

மாஸ்டர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பத்தாம் வகுப்பில் ஒரு பெண், அணியில் மாற்று ஆட்டக்காரி. டவுனில் உரக்கடை வைத்திருந்தவரின் மகள். பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் அவர்தான் பெரிய ஆள். அவளுக்கும் எனக்கும் உண்மையில் ஒரே வயது, ஆனால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். படிவத்தில் அவள் பெயருக்கு நேராக என் ஃபோட்டோவை ஒட்டினார் மாஸ்டர். போட்டி நாளில் அவள் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும். நான் அவள் பெயரை, அவள் அப்பா பெயரை, அவள் பிறந்த தேதியை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். எனக்குத் தயக்கமாக இருந்தது. அப்போது அவர் சொன்னார்:

"பேரு மட்டுந்தாம்மா அவளுது. ஆட்டம் உன்னுது."

எவ்வளவு அழகான பேச்சு. மயங்கிவிட்டேன்.

பெரம்பலூரில் மாவட்டப் போட்டி. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் படிவத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பெயர் கேட்டார். சொன்னேன். அப்பா பெயர் கேட்டார். உரக்கடைக்காரர் பெயரைச் சொல்லும்போது மட்டும் என் அப்பா சுரங்கத்து வெயிலில் நிற்பது ஞாபகம் வந்தது. ஜெயித்தோம். மாநிலப் போட்டி வரைக்கும் போனோம். திரும்பி வரும் பஸ்ஸில் மாஸ்டர் பக்கத்தில் போய் நின்று, என் சர்டிபிகேட் எப்போது வரும் என்று கேட்டேன். வரும் வரும், ஆபீஸிலிருந்து வர வேண்டும் என்றார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ப்ளஸ் டூ முடித்ததும் உடற்கல்விச் சான்றிதழ் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கினேன். எனக்கு அது ஒன்றுதான் வேண்டும். டாக்டர், கலெக்டர் என்றெல்லாம் நான் கனவு கண்டதில்லை. கழுத்தில் விசிலோடு மைதானத்தின் நடுவில் நிற்க வேண்டும். விண்ணப்பத்தோடு விளையாட்டுச் சான்றிதழ் வைக்க வேண்டும் என்றார்கள். மாஸ்டரிடம் ஓடினேன். சான்றிதழ் வந்து நாலு மாதம் ஆகிவிட்டதாம். அவள் பெயரில்தான் வந்ததாம். அவள் அப்பாவிடம் கொடுத்துவிட்டாராம். பேரு யாருடையதோ அவர்கள்தானே வாங்க வேண்டும் என்று என்னையே கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. எங்கள் முட்டிக்கு மருந்து போட்டவர், ஊர்த் திட்டை எல்லாம் வாங்கிக்கொண்டு எங்களை மைதானத்துக்குக் கொண்டுவந்தவர். அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிகிறது. கெட்டவராக இருந்திருந்தால் ஒரேயடியாகத் திட்டித் தீர்த்திருப்பேன்.

அம்மாவை அழைத்துக்கொண்டு உரக்கடைக்குப் போனேன். அவர் எங்களை உட்காரவைத்து, கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. அச்சடித்த பெயரை அழிக்க முடியுமா அம்மா என்றார். இதை வெளியே சொன்னால் பள்ளிக்கூடத்தை இனிமேல் போட்டிக்கே விடமாட்டார்கள், உங்கள் பெண் பெயரும் சேர்ந்து கெடும் என்றார். உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் அவள் நின்றது தெரிந்தது. கொலுசு போட்ட கால் மட்டும் தெரிந்தது. வெளியே வரவில்லை. அம்மா சோடாவைக் குடித்துவிட்டு எழுந்தாள். வழியெல்லாம், போனது ஒரு காகிதந்தானேடி என்றாள். அந்தக் காகிதத்தோடு எது போனது என்று அவளிடம் விளக்க எனக்கு அப்போது வார்த்தை இல்லை, கோபம்தான் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து அவள் அந்தச் சான்றிதழை வைத்து அதே படிப்பில் சேர்ந்தாள். எங்கள் வீட்டுக்கு இனிப்பு வந்தது. லட்டு. கோழிகளுக்கு உடைத்துப் போட்டேன்.

நான் என்ன செய்தேன்? கோச்சிங் கொடுத்தேன். சான்றிதழ் இல்லாதவளுக்குப் பாடம் நடத்த உரிமை இல்லை, ஆனால் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்க யாரும் தடுக்கவில்லை. செந்துறையில் நாலு ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து சாயங்காலம் ஆடவைத்தேன். கோச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பிறகு அரியலூரில் ஒரு தனியார் பள்ளியில் கேம்ஸ் மிஸ் என்று எடுத்தார்கள். கேம்ஸ் மிஸ் என்றால் பிரேயருக்கு வரிசை கட்டவைப்பது, பெல் அடிப்பது, வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது, தாளாளர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி விசாரிப்பது. பந்தைத் தொடுவது எப்போதாவது. இடையில் அஞ்சல் வழியில் பி.ஏ. படித்தேன். வேனில் கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு, காலி சீட்டில் உட்கார்ந்து வரலாறு படிப்பேன். அரசர்கள் பெயரெல்லாம் எனக்குச் சீக்கிரம் மனப்பாடமாகும். அடுத்தவர் பெயரை மனப்பாடம் செய்து பழகியவள் ஆயிற்றே.

வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் பதிந்துவைத்தேன். அரியலூர் தனி மாவட்டம் ஆனது. அடுத்த வருடமே பெரம்பலூரோடு மறுபடி சேர்ந்தது. என் பதிவு எந்த ஆபீஸில் இருக்கிறது என்று கேட்கப் போனால், இங்கே இல்லை, அங்கே போ என்றார்கள். அங்கே போனால் இங்கே என்றார்கள். கபடியில் நடுக்கோட்டைத் தாண்டுவதே எனக்குச் சுலபமாக இருந்தது.

உடற்கல்விப் பட்டப்படிப்பான பி.பி.எட். சேரவும் விளையாட்டுச் சான்றிதழ் வேண்டும். என் பெயரில் ஒன்று வாங்கியே தீருவது என்று, வயது வரம்பு இல்லாத பெண்கள் போட்டியில் ஆடப் போனேன். எல்லாரும் என்னைவிடச் சின்னப் பெண்கள். பெரம்பலூர் மைதானத்தில் ஒலிபெருக்கியில் ஆட்டக்காரர்கள் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். ஒரு பெயரை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். யாரடா இவள், வராமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். பக்கத்திலிருந்தவள் முதுகில் தட்டினாள். என் பெயர். பள்ளிக் காலத்தில் பெரிய மைதானத்தில் நான் எழுந்ததெல்லாம் உரக்கடைக்காரர் மகளின் பெயருக்குத்தான். அன்றைக்கு வெறி பிடித்தவள் மாதிரி ஆடினேன். மாநிலப் போட்டிச் சான்றிதழில் என் பெயரைப் பார்த்தபோது சந்தோஷம் வரவில்லை. ஏழு வருடம் தாமதமாக வந்த ஒன்றைப் பார்த்துச் சந்தோஷப்பட எனக்குத் தெரியவில்லை.

திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.பி.எட். கிடைத்தது. வகுப்பில் நான்தான் மூத்தவள், காகிதத்திலும் சரி, நிஜத்திலும் சரி. உடற்கூறு பாடத்தில் கை எலும்புகளின் பெயரைப் படித்தோம். ஒருநாள் வளர்ச்சி பற்றி நடத்திய விரிவுரையாளர், கையின் நீளத்தை வைத்துக் குழந்தையின் வயதைச் சொல்ல முடியாது, ஒரே வயதுப் பிள்ளைகளுக்குள்ளேயே நிறைய வித்தியாசம் இருக்கும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பெரிதாகி, கடைசியில் அழுகையாகிவிட்டது. வெளியே போய் முகம் கழுவிவிட்டு வரச் சொன்னார். இது அவ்வளவு சாதாரண உண்மை, ஒரு வரியில் எழுதிவிடக்கூடியது, பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. இதைத் தெரிந்த ஒருவர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு இருந்திருக்கக் கூடாதா?

படிப்பின் கடைசியில் நாற்பது நாள் ஒரு பள்ளியில் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர்தான் வழிகாட்டி. அவர் பார்த்து, பயிற்சி நோட்டில் மார்க் போட்டு, கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். எனக்குத் தா.பழூர்ப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளி விழுந்தது. முதல் நாள் காலையில் மைதானத்துக்குப் போனேன். வேப்பமரத்தடியில் விசிலோடு அவள் நின்றாள்.

உரக்கடைக்காரர் மகள். என் பெயராக இருந்தவள். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிவிட்டதாம்.

பிள்ளைகள் முன்னால் என்னை, ட்ரெயினிங் வந்திருக்கிற மிஸ் என்று அறிமுகப்படுத்தினாள். தனியாக இருக்கும்போது அக்கா என்றாள். நான் அவளை மேடம் என்றுதான் கூப்பிட்டேன். ஒவ்வொரு மேடத்துக்கும் அவள் முகம் சுருங்கியது. அதற்காகவே இரண்டு தடவை கூடுதலாகக் கூப்பிட்டேன். எனக்கு வெட்கமில்லை. அவள் நல்ல ஆசிரியைதான். பிள்ளைகள் அவளிடம் பயமில்லாமல் பேசினார்கள். ஆனால் கபடியைக் கோட்டுக்கு வெளியே நின்றுதான் சொல்லிக்கொடுப்பாள். உள்ளே வரமாட்டாள். பாடிக் காட்டுகிற வேலை எல்லாம் என் தலையில் விழுந்தது. பிள்ளைகள் என் பின்னாலேயே சுற்றினார்கள்.

அதில் ஒருத்தி, ஒன்பதாவது படித்தவள், அபாரமான ஆட்டக்காரி. அம்மா படுத்த படுக்கையாகிவிட்டதால் மூன்று வருடம் பள்ளிக்கு வராமல் வயல் வேலைக்குப் போய்விட்டு மறுபடி வந்தவள். பதினேழு தாண்டிவிட்டது. பயிற்சியின் நாலாவது வாரம், மாவட்டப் போட்டிக்கான படிவத்தையும் ஃபோட்டோக்களையும் கோந்தையும் உரக்கடைக்காரர் மகள் என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாருக்கா. இவ ஃபோட்டோவ நம்ம டீம்ல இருக்குற பத்தாவது புள்ள பேருல ஒட்டிருங்க."

நான் அவளையே பார்த்தேன். எட்டு வருடமாகத் தேக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். சான்றிதழ், சோடா, லட்டு, திரைச்சீலைக்குக் கீழே தெரிந்த கால், எதையும் விடவில்லை. முடிந்ததும் மெதுவாகச் சொன்னாள்:

"அந்தப் பேப்பர நான் கேக்கலக்கா. ஆனா வேணாம்னும் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் கோட்டுக்குள்ள கால் வைக்கப் பயமா இருக்கு. எங்கயாச்சும் பாடிக் காட்டச் சொல்லிட்டா மாட்டிக்குவேன்ல."

பிறகு, உங்களால் முடியாவிட்டால் விடுங்கள், நானே ஒட்டிக்கொள்கிறேன் என்றாள். மிரட்டவே இல்லை. மிரட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். மேஜையில் படிவத்துக்குப் பக்கத்தில் என் பயிற்சி நோட்டு கிடந்தது. மார்க் போடும் பக்கம் காலியாக இருந்தது. தலைமையாசிரியரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அவரைப் பகைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். இன்னும் ஒரு வருடம், இன்னும் ஒரு கல்லூரி, இன்னும் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது. நான் ஒட்டினேன்.

அவள் ஒட்டவில்லை, தலைமையாசிரியர் ஒட்டவில்லை. நான்தான் கோந்து தடவி, ஓரம் தூக்காமல் விரலால் அழுத்தி ஒட்டினேன்.

அந்தப் பெண்ணைப் பெயரையும் தேதியையும் நானே மனப்பாடம் செய்யவைத்தேன். அவளும் என்னைப் போலவே தயங்கினாள். தப்பில்லையா டீச்சர் என்று கேட்டாள். பேரு மட்டுந்தான் அவளுது, ஆட்டம் உன்னுது என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. அதுவாக வாயில் வந்தது. சான்றிதழ் எந்தப் பெயரில் வரும் என்பதைச் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அப்படித்தான் என் மாஸ்டரும் இருந்திருப்பார்.

பெரம்பலூரில் ஜெயித்தார்கள். கோப்பையோடு பள்ளிக்கு வந்தபோது தலைமையாசிரியர் எனக்குக் கை கொடுத்தார். மறுநாளே நோட்டில் கையெழுத்து ஆயிற்று. எங்கள் கல்லூரியிலிருந்து பயிற்சிக்குப் போனவர்களில் எனக்குத்தான் அதிக மார்க்.

கடைசி நாள். நோட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். அந்தப் பெண் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து மூச்சு வாங்க நின்றாள். ஊருக்குப் போகிறீர்களா டீச்சர் என்றாள். என் விலாசம் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்:

"என் சர்டிபிகேட் எப்ப டீச்சர் வரும்?"

வரும் என்று சொல்லியிருக்கலாம். பஸ் தூரத்தில் தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளக்கூட அவசியமில்லை, ஏறிவிட்டால் போதும். நான் சொன்னேன்: வராது. அதில் உன் பேரு இல்லை. ஃபோட்டோவை மாற்றி ஒட்டியது நான். எனக்கு முன்னாலேயே தெரியும்.

உண்மையைச் சொன்னேன் என்று யாராவது இதற்கும் பாராட்டிவிடாதீர்கள். கையெழுத்து வாங்கி, ஜிப்பை மூடிய பிறகு சொன்ன உண்மை அது.

அவள் அழவில்லை. கத்தியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், அதற்குத் தயாராகத்தான் நின்றேன். உள்ளங்கையில் எழுதிய விலாசத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"முன்னாடியே சொல்லியிருந்தாலும் ஆடியிருப்பேன் டீச்சர்," என்றாள். "ஆனா நீங்க சொல்லியிருக்கலாம்ல."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். பஸ் வந்தது, நின்றது, கண்டக்டர் ஏறும்மா ஏறும்மா என்று இரண்டு தடவை சொன்னார், மூன்றாவது தடவைதான் எனக்குக் காதில் விழுந்தது.